குஞ்சு வாங்கும் முன்: அடைக்கு உட்காருமா, கேட்டீர்களா?

சந்தைக்குப் போனால் பச்சை, சிவப்பு, ஊதா என்று சாயம் ஏற்றிய குஞ்சுகள் கூடையில் கீச்சிட்டுக்கொண்டிருக்கும். பெரும்பாலும் முட்டைக்கோழிக் குஞ்சுப் பொரிப்பகங்கள் கழித்துவிட்ட சேவல் குஞ்சுகள்தான் அவை. முட்டைக்கும் ஆகாது, கறியும் பிடிக்காது. பிள்ளைகள் அடம்பிடித்தாலும் நகர்ந்துவிடுங்கள்.

வீட்டுப் புறக்கடையில் பத்துக் கோழி வளர்க்க நினைப்பவர் குஞ்சுக்கு ஆர்டர் கொடுக்கும்போது முதலில் கேட்பது, “வருஷத்துக்கு எத்தனை முட்டை?” என்பதுதான். நம்மூர் சிறுவிடைக் கோழி 60, 70 முட்டை இடும். கிராமப்பிரியா போன்ற மேம்படுத்தப்பட்ட ரகங்கள் அதைப்போல இரண்டு பங்குக்கு மேல். கணக்கு முடிந்துவிட்டதுபோலத் தோன்றும். முடியவில்லை.

சிறுவிடை ஏன் குறைவாக இடுகிறது? பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். 21 நாள் அடை. பொரித்த பிறகு குஞ்சுகளை மேய்த்துப் பிரித்துவிடும்வரை மறுபடி முட்டை கிடையாது. அதாவது, முட்டை இடாத நாளெல்லாம் அது வேறொரு வேலை பார்க்கிறது. இன்குபேட்டரும் பல்பும் செய்கிற வேலை. வானத்தில் பருந்து நிழலாடினால் தாய்க்கோழி ஒரு குரல் கொடுக்கும். மறுகணம் அத்தனை குஞ்சும் இறக்கைக்குள். அட்டைப்பெட்டியில் பல்பு வெளிச்சத்தில் வளர்ந்த குஞ்சு, காக்கை வந்து இறங்கினாலும் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கும்.

ஐதராபாத் கோழி ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய வனராஜா, கிராமப்பிரியா இரண்டும் நல்ல ரகங்கள். முன்னது கறிக்கும் முட்டைக்கும், பின்னது முட்டைக்கு. ஆனால் அடைக்கு உட்காராது. கலப்பினம் என்பதால், அதன் முட்டையைப் பொரிக்க வைத்தாலும் தாயின் குணம் குஞ்சில் அப்படியே வராது. ஒவ்வொரு தடவையும் குஞ்சு விலைக்குத்தான் வாங்க வேண்டும். வனராஜா உடம்பு கனத்தது. நாய் துரத்தினால் மரமேறித் தப்பிக்காது.

பெருவிடை கறிக்கு நல்ல விலை போகும். முட்டை சொற்பம். இரண்டு சேவலை ஒன்றாக விட்டால் ஒன்று மிஞ்சுவதே சிரமம். கருங்கோழி எனப்படும் கடக்நாத், மத்தியப் பிரதேசத்து ஜாபுவா பகுதிப் பறவை. 2018இல் புவிசார் குறியீடு பெற்றது. எலும்புவரை கருப்பு. அதுவும் அடையில் நிலைக்காது. ஆசைக்கு இரண்டு வளர்க்கலாம். “குஞ்சு தருகிறோம், நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம்” என்று யாராவது சொன்னால், இதே பேச்சை நம்பி ஈமு வளர்ப்பில் பணம் போட்டுக் கையைச் சுட்டுக்கொண்ட கொங்கு நாட்டுக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள்.

என்னைக் கேட்டால், சிறுவிடைப் பெட்டைகள் நாலைந்து, ஒரு சேவல், கூடவே முட்டைக்கு இரண்டு மூன்று கிராமப்பிரியா. சிறுவிடை அடைக்கு உட்காரும்போது எந்த முட்டையை வைத்தாலும் பொரித்துக் கொடுக்கும்.

நாட்டுக் குஞ்சில் ஏறக்குறைய பாதி சேவலாகவே வரும். பத்துப் பெட்டை வேண்டுமென்றால் இருபதாகச் சொல்லுங்கள். புதிதாக வளர்ப்பவர்கள் ஒரு மாதக் குஞ்சு வாங்குவதே மேல். விலை கூடுதல்தான், ஆனால் பல்பு போட்டுச் சூடு காக்கும் கட்டம் தாண்டியிருக்கும். வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து எந்தத் தேதியில் போட்டார்கள் என்று எழுதி வாங்குங்கள். ஒரு நாள் குஞ்சுதான் கிடைத்தது என்றால், 7ஆம் நாள் கண்ணில் விடும் அந்த ஒரு சொட்டைத் தள்ளிப்போட வேண்டாம்.