மூன்று குறிப்புகள், ஒரு பெண்

பெயரைச் சொல்லாமல், ஒருவர் செய்த வேலைகளை மட்டும் சொல்லி, அவர் யார் என்று கேட்கும் விளையாட்டு ஒன்று உண்டு. மேலைநாடுகளில் பழைய ஹொலிவூட் நட்சத்திரங்களை வைத்து இதை விரும்பி விளையாடுவார்கள். பேசும் படங்கள் வந்த 1920களின் கடைசி ஆண்டுகளிலிருந்து 1960களின் தொடக்கம் வரையான காலம் ஹொலிவூட்டின் பொற்காலம் எனப்படுகிறது. அக்காலத்து நடிகர், நடிகையர் ஒருவரின் தொழில் வாழ்க்கையிலிருந்து மூன்று குறிப்புகளை எடுப்பார்கள். முதலாவது கடினமானது. இரண்டாவது கொஞ்சம் இலகு. மூன்றாவது அநேகருக்குத் தெரிந்தது. முதற் குறிப்பிலேயே பெயரைச் சொன்னால் மூன்று புள்ளிகள். இரண்டாவதில் சொன்னால் இரண்டு, மூன்றாவதில் சொன்னால் ஒன்று.

நான் வேலை செய்யும் கிராமங்களில், பெண்கள் குழுக் கூட்டம் முடிந்த பின் சில நாட்களில் இதை விளையாடியிருக்கிறோம். "எங்களுக்குச் சாவித்திரியைத் தெரியும், பத்மினியைத் தெரியும். உந்த வெள்ளைக்காரியளை எங்கை மிஸ் தெரியப்போகுது?" என்று முதலில் சிரிப்பார்கள். தெரியாவிட்டால் நல்லது என்பேன். பெயர் தெரியாதபோதுதான் குறிப்பைக் காது கொடுத்துக் கேட்கிறோம். ஐந்து நடிகைகளை இங்கே தருகிறேன். சகோதரிகளே, விடையைக் கையால் மறைத்துக்கொண்டு வாசியுங்கள்.

முதலாமவர்

குறிப்பு 1: 1954இல் வெளிவந்த ஒரு படத்தில், இலங்கையில் எடுக்கப்பட்ட சில தூரக் காட்சிகளில் மட்டும் இவர் தெரிகிறார். அதே பாத்திரம் கிட்ட வரும்போது முகம் வேறொரு நடிகையுடையது.
குறிப்பு 2: 1913இல் இந்தியாவின் டார்ஜிலிங்கில் பிறந்த ஆங்கிலப் பெண். இரண்டு முறை ஒஸ்கார் விருது பெற்றவர்.
குறிப்பு 3: "கோன் வித் த விண்ட்" படத்தின் கதாநாயகி.

விடை: விவியன் லீ.

"எலிபன்ட் வோக்" என்பது இலங்கைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நடக்கும் கதை. 1953இல் அதன் படப்பிடிப்புக்காக லீ இங்கு வந்தார். அவருக்கு ஏற்கெனவே மனநோய் இருந்தது. அளவுக்கு மிஞ்சிய உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறிமாறி வரும் நோய் அது. ஹொலிவூட் திரும்பியதும் நோய் முற்றி, படத்திலிருந்து விலக நேர்ந்தது. அவருடைய இடத்துக்கு எலிசபெத் ரெய்லர் வந்தார்.

மனநோய் வந்தால் அந்தப் பெண்ணின் கதை முடிந்தது என்று எண்ணுவோர் நம்மிடையே அநேகர். லீயின் கதை முடியவில்லை. சிகிச்சையும் நடிப்பும் சேர்ந்தே நடந்தன. 1963இல் நியூயோர்க் மேடையில் இசைநாடகம் ஒன்றில் நடித்து ரோனி விருதைப் பெற்றார். 1967இல் அவர் இறந்தது காசநோயினால்.

இரண்டாமவர்

குறிப்பு 1: மில்வாக்கி நகரில் ஒரு விடுதியின் பெண்கள் மலசலகூடத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்து, அதே விடுதியின் மேடையில் பாடகியானவர்.
குறிப்பு 2: தன் வீட்டிலிருந்து தன்னை வெளியேற்ற அயலவர்கள் போட்ட வழக்கை 1945இல் வென்றவர்.
குறிப்பு 3: ஒஸ்கார் விருது பெற்ற முதலாவது கறுப்பினத்தவர்.

விடை: ஹற்றி மக்டானியல்.

இவருடைய தந்தை அடிமையாகப் பிறந்தவர். "கோன் வித் த விண்ட்" படத்தில் வீட்டுப் பணிப்பெண் "மாமி"யாக நடித்து இவர் புகழ்பெற்றார். ஆனால் 1939 டிசெம்பரில் அற்லாண்டா நகரில் அப்படம் முதன்முதலாகத் திரையிடப்பட்டபோது இவரால் அங்கே போக முடியவில்லை. கறுப்பினத்தவரை ஒதுக்கி வைக்கும் சட்டங்கள் அந்த மாநிலத்தில் நடைமுறையில் இருந்தன. 1940 பெப்ரவரி 29இல் ஒஸ்கார் விழா நடந்த லொஸ் ஏஞ்சல்ஸ் ஹொட்டலும் கறுப்பினத்தவரை அனுமதிக்காத இடம். விசேட அனுமதி பெற்றே இவரை உள்ளே விட்டார்கள். மற்ற நடிகர்களோடு அல்லாமல், சுவரோரம் தனியாகப் போட்ட சிறிய மேசையில் இருத்தினார்கள். அங்கிருந்து எழுந்து வந்துதான் விருதை வாங்கினார். எப்போதும் பணிப்பெண்ணாகவே நடிக்கிறாரே என்று கறுப்பின உரிமை அமைப்பினரும் இவரைக் குறை கூறினார்கள். இரு பக்கத்து ஏச்சையும் கேட்டுக்கொண்டே உழைத்தவர்.

இவருடைய வாழ்க்கையில் என்னை அதிகம் தொட்டது இரண்டாவது குறிப்பு. லொஸ் ஏஞ்சல்ஸில் இவர் வீடு வாங்கியிருந்த பகுதியின் காணிகளில் வெள்ளையர் அல்லாதோர் குடியிருக்கக் கூடாது என்று பழைய உறுதிகளில் நிபந்தனை எழுதப்பட்டிருந்தது. அதைக் காட்டி வெள்ளையர் சிலர் வழக்குப் போட்டனர். இவர் தனியே நிற்கவில்லை. அயலிலிருந்த கறுப்பினக் குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டு வழக்காடினார். 1945இல் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. மூன்று ஆண்டுகளின் பின், 1948இல், இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்தக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. உறுதியும் காணியும் எவ்வளவு பெரிய விடயம் என்று நம் சகோதரிகளுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

1952இல் இவர் இறந்தபோது, தாம் விரும்பிய மயானத்தில் அடக்கம் செய்ய இனத்தைக் காரணம் காட்டி மறுத்தார்கள். பல்கலைக்கழகம் ஒன்றுக்கு இவர் எழுதி வைத்த ஒஸ்கார் விருதும் பின்னர் காணாமற் போயிற்று. 2023இல்தான் அதற்குப் பதிலாக இன்னொன்று வழங்கப்பட்டது.

மூன்றாமவர்

குறிப்பு 1: இவருடைய பெயரால் அழைக்கப்படும் தொழிற்சட்டம் ஒன்று கலிபோர்னியாவில் உண்டு.
குறிப்பு 2: ஜப்பானின் டோக்கியோவில் 1916இல் பிறந்து, 2020இல் 104 வயதில் பாரிஸில் இறந்தவர்.
குறிப்பு 3: "கோன் வித் த விண்ட்" படத்தில் சாந்தமான மெலனியாக நடித்தவர்.

விடை: ஒலிவியா டி ஹவிலன்ட்.

மக்டானியல் விருது பெற்ற அதே இரவில், அதே துணை நடிகை விருதுக்குப் போட்டியிட்டுத் தோற்றவர் இவர். ஆனால் இவருடைய பெரிய போட்டி நீதிமன்றத்தில் நடந்தது. அக்காலத்தில் படக் கொம்பனிகள் நடிகர்களை ஏழு ஆண்டு ஒப்பந்தத்தில் கட்டி வைத்திருந்தன. கொடுத்த பாத்திரம் பிடிக்காமல் மறுத்தால் சம்பளமின்றி இடைநிறுத்துவார்கள். அந்த இடைநிறுத்தக் காலத்தையும் ஒப்பந்தத்தின் கடைசியில் கூட்டி விடுவார்கள். இப்படியே போனால் ஏழு ஆண்டு எப்போதுமே முடியாது. 1943இல் இவருடைய ஒப்பந்தம் முடிந்தபோது, வோர்னர் பிரதர்ஸ் கொம்பனி இன்னும் ஆறு மாதம் பாக்கி என்றது. இவர் வழக்குத் தொடுத்தார்.

ஏழு ஆண்டு என்றால் நாட்காட்டியில் ஏழு ஆண்டுதான் என்று 1944இல் இரண்டு நீதிமன்றங்கள் தீர்ப்பளித்தன. கொம்பனி மேலும் முறையிட, 1945இல் கலிபோர்னியாவின் உயர்ந்த நீதிமன்றம் அதை விசாரிக்கவே மறுத்தது. அதுவரை ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் படக் கொம்பனிகள் இவருக்கு வேலை கொடுக்கவில்லை. பிறகு இவர் நடித்த "ரு ஈச் ஹிஸ் ஓன்" (1946), "த எயரஸ்" (1949) ஆகிய இரு படங்களும் இவருக்கு ஒஸ்காரைக் கொண்டு வந்தன. திரையில் அடங்கிப்போகும் பெண்ணாக நடித்தவர் வெளியில் அடங்கிப்போகவில்லை.

நான்காமவர்

குறிப்பு 1: 1942இல் 2,292,387 என்ற இலக்கமுடைய அமெரிக்கக் காப்புரிமையை ஓர் இசையமைப்பாளருடன் சேர்ந்து பெற்றவர்.
குறிப்பு 2: ஆயுத வியாபாரியான கணவரை விட்டு 1937இல் தப்பி ஓடிய வியன்னாப் பெண்.
குறிப்பு 3: "சாம்சன் அன்ட் டிலைலா" (1949) படத்தின் டிலைலா.

விடை: ஹெடி லமார்.

உலகிலேயே அழகான பெண் என்று விளம்பரம் செய்யப்பட்டவர் இவர். இரண்டாம் உலகப் போரின்போது, கடலுக்கடியில் செல்லும் டோப்பிடோக் குண்டுகளை வழிநடத்தும் வானொலிச் சமிக்ஞையை எதிரி குழப்பாமலிருக்க ஒரு வழி கண்டார். அனுப்பும் கருவியும் பெறும் கருவியும் ஒரே நேரத்தில் 88 அலைவரிசைகளுக்குள் தாவிக்கொண்டே இருந்தால் எதிரியால் பின்தொடர முடியாது. அந்தப் போரில் கடற்படை இதைப் பயன்படுத்தவில்லை. இவருக்குப் பணமும் கிடைக்கவில்லை. இன்று கைத்தொலைபேசிகளில் உள்ள புளூரூத்தும் அலைவரிசை தாவும் முறையிலேயே இயங்குகிறது. அதை முழுவதும் இவர்தான் கண்டுபிடித்தார் என்று சிலர் சொல்வது மிகை. அந்த எண்ணத்துக்கு முன்பே ஒரு வடிவம் கொடுத்தார் என்பது உண்மை. காப்புரிமைப் பத்திரத்தில் இருப்பது சினிமாப் பெயர் அல்ல, ஹெடி கீஸ்லர் மார்க்கி என்ற பெயர்.

ஐந்தாமவர்

குறிப்பு 1: யன்னல்களை மூடிய வீடுகளில் இரகசியமாக நடனமாடிப் பணம் சேர்த்தவர். வெளியே கேட்டுவிடும் என்பதால் பார்த்தவர்கள் கை தட்டவில்லை.
குறிப்பு 2: பாலே நடனத்தில் முதல்நிலைக்கு வர முடியாது என்று ஆசிரியை சொன்ன பின் நடிப்புக்கு வந்தவர்.
குறிப்பு 3: "ரோமன் ஹொலிடே" (1953) படத்தில் இளவரசியாக நடித்து ஒஸ்கார் பெற்றவர்.

விடை: ஒட்றி ஹெப்பேர்ன்.

இவருக்கு ஆறு வயதானபோது தகப்பன் குடும்பத்தை விட்டுப் போனார். 1939இல் போர் தொடங்கியதும், நெதர்லாந்து நடுநிலை நாடு, அங்கே பாதுகாப்பு என்று எண்ணித் தாய் மகளை ஆர்ன்ஹெம் நகருக்குக் கொண்டு சென்றார். அடுத்த ஆண்டே ஜேர்மன் படை அங்கே புகுந்தது. ஆங்கிலப் பெயர் ஆபத்து என்று பிள்ளையின் பெயரை மாற்றி வைத்தார் தாய். 1942இல் மாமனார் ஒருவரைச் சுட்டுக் கொன்றார்கள். 1944ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பெரும் பஞ்சம் வந்தது. சுமார் 20,000 பேர் இறந்தனர். ரியூலிப் பூச்செடியின் கிழங்கைத் தின்று மக்கள் உயிர் பிடித்தனர். பதினைந்து வயது ஒட்றியும் இரத்தச்சோகையும் உடல் வீக்கமுமாகக் கிடந்தார். விடுதலைக்குப் பின் நிவாரண உணவு வந்தது. ஆனால் பட்டினி கிடந்த உடலுக்குப் பாலேயின் உச்சம் எட்டவில்லை.

உலகம் அவருடைய மெலிந்த உடலை நாகரிகம் என்று புகழ்ந்தது. 1988 முதல் அவர் யுனிசெப் நிறுவனத்துக்காக எதியோப்பியா முதல் சோமாலியா வரை பஞ்சம்பட்ட குழந்தைகளிடம் போனார். சோமாலியாவுக்குப் போய் வந்த சில மாதங்களில், 1993 ஜனவரியில், புற்றுநோயால் இறந்தார். நிவாரண வரிசையின் இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் அறிந்தவர் அவர்.

இப்போது புள்ளிகளைக் கூட்டிப் பாருங்கள். அநேகமாக மூன்றாவது குறிப்பில்தான் பெயர் வந்திருக்கும். உலகமும் அந்த ஒரு குறிப்பாலேயே இவர்களை அறிந்திருக்கிறது: அழகி, பணிப்பெண், சாந்தமானவள், இளவரசி. சமூகவியலில் இதை முத்திரை குத்துதல் என்போம். நம் ஊர்களிலும் பெண்களுக்கு மூன்றாவது குறிப்பு மட்டும்தான் எழுதப்படுகிறது. விதவை, இடம்பெயர்ந்தவர், காணாமற் போனவரின் மனைவி, பெண் தலைமைக் குடும்பம். என்னைப் போன்றவர்கள் கொண்டுவரும் படிவங்களில் இந்தக் கட்டங்களே உள்ளன. உதவி பெற அவை தேவைதான். ஆனால் ஒரு பெண்ணைச் சொல்ல அவை போதாது.

ஆகவே அடுத்த குழுக் கூட்டத்தில் நட்சத்திரங்களை விட்டுவிட்டு, பக்கத்தில் இருப்பவரைப் பற்றி மூன்று குறிப்புகள் எழுதிப் பாருங்கள். எழுதத் தெரியாதவர் சொல்ல, தெரிந்தவர் எழுதலாம். இரண்டே விதிகள். கணவனின் பெயரோ பிள்ளையின் பெயரோ வரக் கூடாது. முதற் குறிப்பு அவர் தன் கையால் செய்த ஒரு வேலையாக இருக்க வேண்டும்.

எங்கள் குழு ஒன்றில் வந்த ஒரு குறிப்பு: "கொட்டும் மழையில், மூன்று கல்லை வைத்து, ஒரு கிடாரத்தில் நாற்பது பேருக்குக் கஞ்சி காய்ச்சியவர்." முதற் குறிப்பிலேயே நாலு பேர் பெயரைச் சொல்லிவிட்டார்கள். மூன்று புள்ளிகளும் அவர்களுக்கே போயின.