அம்மாவின் நாரியும் நோர்வேயின் 267 பேரும்

ஸ்கார்பரோவில் எங்கள் தமிழ்க் கடையில் சாமான் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனால், அம்மா ஒரு மணித்தியாலம்கூடக் களைக்காமல் நடப்பார். வெளியே வந்து வண்டியை விட்டால், கார் வரைக்கும் போவதற்குள் இரண்டு தரம் நின்றுவிடுவார். "கால் ரெண்டும் விறைக்குது தம்பி, கொஞ்சம் பொறு" என்பார். கடைக்குள் போனதும் அம்மாவுக்கு உற்சாகம் வந்துவிடுகிறது என்று நானும் மனைவியும் சிரித்திருக்கிறோம்.

அது உற்சாகம் இல்லை, நோயின் அடையாளம் என்று பிறகுதான் தெரிந்தது. முள்ளந்தண்டில் நரம்பு போகும் பாதை ஒடுங்கினால், நிமிர்ந்து நடக்கும்போது கால் நோகும். முன்னால் குனிந்தால் பாதை கொஞ்சம் அகலும், நோவும் குறையும். வண்டியில் சாய்ந்து நடப்பது அதனால்தான் சுகம். 68 வயது அம்மாவின் எம்.ஆர்.ஐ படத்தில், நாரிப் பகுதியில் ஒரு எலும்பு கீழே உள்ளதை விட்டுச் சில மில்லிமீட்டர் முன்னால் வழுக்கியும் இருந்தது.

சத்திரசிகிச்சை நிபுணர் இரண்டு வேலை சொன்னார். ஒன்று, நரம்பை நெரிக்கும் எலும்பைச் செதுக்கி எடுத்து இடம் விடுவது. மற்றது, வழுக்கிய எலும்பையும் அதன் கீழுள்ளதையும் திருகாணியும் கம்பியும் போட்டுப் பூட்டி, நடுவில் எலும்புத் துகள் வைத்து, நாளடைவில் ஒரே எலும்பாக ஒட்டவிடுவது. 'ஸ்பைனல் ஃபியூஷன்' என்பது இந்த இரண்டாவது வேலை.

அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். "நரம்புக்கு இடம் விடுறதுக்கு ஒரு ஒப்பரேஷன் அம்மா, பயப்பிடாதேங்கோ." திருகாணியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொன்னால் பயந்துவிடுவார் என்று நினைத்தேன். அம்மா தலையாட்டினார்.

அன்று இரவு பிள்ளைகள் படுத்த பிறகு லாப்டாப்பைத் திறந்தேன். நான் மென்பொருள் பொறியியலாளர். எங்கள் வேலையில் ஒரு பொத்தானின் நிறத்தை மாற்றுவதென்றாலும், பயனாளர்களைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்து, எது நல்லது என்று அளந்துதான் முடிவெடுப்போம். அம்மாவின் முதுகில் திருகாணி போடுவதை யாராவது அப்படி அளந்து பார்த்திருக்கிறார்களா?

பார்த்திருக்கிறார்கள். ஏற்கெனவே வழுக்கிய இடத்தில் எலும்பையும் செதுக்கினால் இன்னும் வழுக்கும், ஆகவே சேர்த்து ஒட்டிவிட வேண்டும் என்பது பழைய யோசனை. நியாயமான யோசனைதான். 1991இல் அமெரிக்காவில் 50 நோயாளிகளிடம் செய்த ஓர் ஆய்வும் ஒட்டியவர்களுக்கே கூடுதல் சுகம் என்றது. பிறகு வந்த ஆண்டுகளில் இரண்டையும் சேர்த்துச் செய்வதே வழமையாகிப் போனது.

2016 ஏப்ரலில் 'நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒஃப் மெடிசின்' ஒரே இதழில் இரண்டு ஆய்வுகளை வெளியிட்டது. முதலாவது சுவீடனில், 50 முதல் 80 வயது வரையான 247 பேரிடம் நடந்தது. அவர்களில் எலும்பு வழுக்கியவர்களும் இருந்தார்கள், வழுக்காதவர்களும் இருந்தார்கள். குலுக்கல் முறையில் ஒரு பகுதியினருக்குச் செதுக்குவது மட்டும், மற்றவர்களுக்கு ஒட்டுவதும் சேர்த்து. அன்றாட வாழ்க்கையில் முதுகு தரும் கஷ்டத்தை 0 முதல் 100 வரை அளக்க ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. கூடினால் கஷ்டம் கூட. இரண்டு ஆண்டு முடிவில், ஒட்டிய குழுவின் சராசரி 27, ஒட்டாத குழுவின் சராசரி 24. குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்கள் ஒட்டியவர்களுக்குச் சராசரி 7.4, மற்றவர்களுக்கு 4.1.

இரண்டாவது அமெரிக்காவில், எலும்பு வழுக்கிய 66 பேரிடம் நடந்தது. அதில் பொது உடல்நல மதிப்பெண் ஒட்டியவர்களுக்குச் சற்றுக் கூடுதலாக உயர்ந்தது. நான்கு ஆண்டுகளுக்குள் மறுபடி ஒப்பரேஷன் தேவைப்பட்டவர்கள் ஒட்டிய குழுவில் 14 வீதம், ஒட்டாத குழுவில் 34 வீதம். இந்த 34 என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது.

ஐந்து ஆண்டு கழித்து, 2021இல், நோர்வே ஆய்வு அதே இதழில் வந்தது. 16 ஆஸ்பத்திரிகள், 267 பேர், எல்லோருக்கும் ஒரு மட்டத்தில் எலும்பு வழுக்கியிருந்தது. அதே கேள்வித்தாளில் கஷ்டம் 30 வீதமாவது குறைந்தால் வெற்றி என்று கணக்கிட்டார்கள். இரண்டு ஆண்டில் வெற்றி கண்டவர்கள், ஒட்டாத குழுவில் 71.4 வீதம், ஒட்டிய குழுவில் 72.9 வீதம். மறு ஒப்பரேஷன் ஒட்டாதவர்களில் 12.5 வீதம், ஒட்டியவர்களில் 9.1 வீதம்.

படிக்கப் படிக்க எனக்கு நம்பிக்கை ஏறியது. ஆனால் எங்கள் தொழிலிலும் ஒரு பழக்கம் உண்டு: பிடித்த விடை கிடைத்தால் அங்கேயே நிற்கக் கூடாது. இது மாத்திரை ஆய்வு மாதிரி இல்லை. தனக்குத் திருகாணி போட்டதா இல்லையா என்பது நோயாளிக்கும் தெரியும், டொக்டருக்கும் தெரியும். மறுபடி ஒப்பரேஷன் செய்வதா என்று முடிவெடுப்பதும் அவர்கள்தான். நோயாளிகள் கொடுத்த குழுவில் இருப்பார்கள் என்ற நிச்சயமும் இல்லை. ஒப்பரேஷனையும் மற்றச் சிகிச்சைகளையும் ஒப்பிட்டு 2007இல் வெளிவந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், ஒப்பரேஷன் வேண்டாம் என்று குலுக்கலில் விழுந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் இரண்டு ஆண்டுக்குள் அதைச் செய்துகொண்டார்கள். நோவு தாங்க ஏலாத ஆளிடம், "உங்கட பெயர் மற்றக் குழுவில" என்று எத்தனை நாள் சொல்லலாம்?

அடுத்த நாள் தேநீரோடு அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து சொல்லத் தொடங்கினேன். "அம்மா, திருகாணி போடாமலும் செய்யலாம் போல கிடக்கு."

"திருகாணியோ? நீ அண்டைக்கு அதைச் சொல்லேல்லையே."

என்னிடம் பதில் இல்லை. வங்கிக் கடிதம், வரிப் பத்திரம், பள்ளிக்கூட நோட்டீஸ் என்று எட்டு வயதிலிருந்தே பெற்றோருக்கு மொழிபெயர்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். எதைச் சொல்வது, எதை விடுவது என்று நாங்களே முடிவெடுப்பது அப்படியே பழக்கமாகிவிட்டது. அன்று நான் விட்டது, அம்மாவின் உடம்புக்குள் போகப்போகும் இரும்பை. "பிழைதான் அம்மா" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், அந்த 34 வீதத்தையும் சேர்த்து.

அம்மா வடிவாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "உந்த நோர்வேக்காரர் என்னைப் போலத்தானோ? என்ர எலும்பு மாதிரியே அவைக்கும் வழுக்கினது?"

ஒரு மருத்துவ ஆய்வைப் பற்றிக் கேட்கக்கூடிய மிக நல்ல கேள்வி இதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். எந்த ஆய்வும் எல்லோரையும் சேர்ப்பதில்லை. அமெரிக்க ஆய்வில், குனிந்து நிமிரும்போது எலும்பு கூடுதலாக அசைபவர்களைச் சேர்க்கவில்லை. எலும்பு முறிவு, கட்டி, பெரிதாக வளைந்த முதுகு உள்ளவர்களுக்கு இந்த எண்கள் பொருந்தாது. அவர்களுக்கு ஃபியூஷன் அவசியமாகவே இருக்கலாம். ஆய்வு ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொல்கிறது. எங்கள் அம்மா அந்தக் கூட்டத்தில் ஒருவரா என்பதை அவரைப் பரிசோதிக்கும் டொக்டர்தான் சொல்ல முடியும்.

மூன்று கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு மறுபடி போனோம். குனியும்போதும் நிமிரும்போதும் எலும்பு அசைகிறதா? அம்மாவுக்குக் கூட நோவது காலா, நாரியா? செதுக்குவது மட்டும் செய்தால், பிறகு இன்னொரு ஒப்பரேஷன் வரும் வாய்ப்பு எவ்வளவு? இந்த முறை கூட்டாமல் குறைக்காமல் வசனத்துக்கு வசனம் மொழிபெயர்த்தேன். டொக்டர் கோபிப்பார் என்று பயந்திருந்தேன். கோபிக்கவில்லை. அந்த ஆய்வுகள் அவருக்கும் தெரியும். குனிந்தும் நிமிர்ந்தும் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். எலும்பு அசையவில்லை. கால் நோவுதான் பெரிது. "செதுக்குவது மட்டும் போதும் என்று பார்க்கலாம், ஆனால் பின்னால் இன்னொன்று தேவைப்படலாம்" என்றார். அதையும் அப்படியே சொன்னேன்.

அம்மா ஒரு கிழமை யோசித்தார். முடிவு அவருடையது. திருகாணி வேண்டாம் என்றார்.

ஒப்பரேஷன் முடிந்து 14 மாதம். இப்போது பஸ் தரிப்பிடம் வரை நிற்காமல் போய் வருகிறார். குளிர்கால விடியலில் நாரி இன்னும் நோகிறது. நாளைக்கு என்ன வரும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை, அது அம்மாவுக்கும் தெரியும்.

இதைப் படித்துவிட்டு உங்கள் அம்மா அப்பாவின் ஒப்பரேஷனை நிறுத்திவிடாதீர்கள். டொக்டர் சொல்வதை முழுதாக அவர்களுக்குச் சொல்லுங்கள், அவர்கள் கேட்பதை முழுதாக டொக்டரிடம் கேளுங்கள். சுவீடனிலும் நோர்வேயிலும் எங்களுக்குப் பெயர் தெரியாத சில நூறு பேர், தங்கள் முதுகைக் குலுக்கலுக்கு விட்டுக் கொடுத்ததால்தான் எங்களுக்கு அந்தக் கேள்விகளாவது கிடைத்தன.

கடையில் அம்மா இப்போதும் சாமான் வண்டியை விடுவதில்லை. கேட்டால், "அரிசி பாரம் தம்பி" என்கிறார்.