எல்லாக் கருவியிலும் திறக்கும் பக்கம்

நுழையும்முன்

பேருந்து நேரம், தேர்வு முடிவு, பொருள்களின் விலை என அன்றாடச் செய்திகள் பலவும் இன்று இணையப்பக்கங்கள் வழியாகவும் செயலிகள் வழியாகவும் நம்மை வந்தடைகின்றன. அவற்றைப் பயன்படுத்த அறிந்த நாம் உருவாக்கவும் கற்கலாம். அதற்கு வேண்டிய கருவிகள் எவை, எதிலிருந்து தொடங்குவது, தமிழில் உருவாக்கும்போது எவற்றில் கருத்தூன்ற வேண்டும் ஆகியவற்றை விளக்குகிறது இப்பாடம்.

நான்கு எழுத்துகளின் ஊர்

பெங்களூரு சிவாஜிநகரில் பேருந்து நிலையத்திலிருந்து ரசல் சந்தை வரை நடந்து செல்பவர், கன்னடம், தமிழ், உருது, ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளையும் வழியிலேயே காணலாம், கேட்கலாம். ஆங்கிலேயர் காலத்து இராணுவக் குடியிருப்பை ஒட்டி வளர்ந்த பகுதி இது. அக்காலத்தில் சென்னை மாகாணத்திலிருந்து வந்து குடியேறிய தமிழர் பலரின் வழித்தோன்றல்கள் இன்றும் இங்கு வாழ்கின்றனர். பூ, காய்கனி, இறைச்சி விற்கும் ரசல் சந்தையின் கட்டடம் 1927இல் எழுந்தது.

இச்சந்தைக்கு ஒரு வழிகாட்டிப் பக்கம் உருவாக்குவதாகக் கொள்வோம். எந்தப் பொருள் எந்தப் பக்கத்தில் கிடைக்கும், கடைகள் எப்போது திறக்கும் என்பன அதில் இடம்பெறும். அதனைப் பழைய ஆண்ட்ராய்டு கைபேசி வைத்திருப்பவரும் திறப்பார்; ஐபோன் வைத்திருப்பவரும் திறப்பார்; பள்ளிக் கணினியில் மாணவரும் திறப்பார். ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியாக எழுதாமல், ஒருமுறை எழுதியதைப் பல இயங்குதளங்களிலும் செயற்படச் செய்வதே பல்தள உருவாக்கம் எனப்படும். புதிய சொல்லாகத் தோன்றினாலும், தமிழர் இச்சிக்கலை முன்பே சந்தித்துள்ளனர்.

எழுத்துருக் காலம்

மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985இல் உருவாக்கிய முரசு முதலாகப் பல தமிழ் மென்பொருள்கள் தோன்றின. ஆயினும் எந்த எழுத்துக்கு எந்த எண் என்பதில் பொது உடன்பாடு இல்லை. கணினி எழுத்தை எழுத்தாக அறியாது, எண்ணாகவே சேமிக்கும். ஓர் எழுத்துருவில் ‘க’ என்பதற்கு வழங்கிய எண், வேறோர் எழுத்துருவில் ‘ம’ என்பதற்கு உரியதாக இருக்கலாம். ஆகவே, ஒரு கணினியில் தட்டச்சு செய்த கடிதம், அதே எழுத்துரு இல்லாத மற்றொரு கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியது.

இதனைத் தீர்க்கத் தகுதரம் என்னும் பொதுக் குறிமுறையைத் தன்னார்வலர் வகுத்தனர். 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்இணையம் 99 மாநாட்டின் வழியாக, தமிழ்நாடு அரசு டாம், டாப் என்னும் குறிமுறைகளையும் தமிழ் 99 விசைப்பலகையையும் ஏற்றது. சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கு. கல்யாணசுந்தரம் 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாக வழங்கி வருகிறது. முதலில் தகுதரத்தில் வெளியிடப்பட்ட அந்நூல்கள் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டன. பொதுக் குறிமுறையில் இருந்தமையால் அவற்றை மாற்ற முடிந்தது. தனியார் எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டு அப்படியே விடப்பட்ட ஆவணங்களை, அவ்வெழுத்துரு கிடைக்காவிடில் இன்று படிப்பது அரிது.

ஒருங்குறி

உலக மொழிகளின் எழுத்துகள் அனைத்திற்கும் தனித்தனி எண் வழங்கும் பொது ஏற்பாடே ஒருங்குறி. 1991இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. 2010இல் தமிழ்நாடு அரசும் அதனை ஏற்றது. ஒருங்குறியில் தமிழ்க் ‘க’ 2965ஆம் எண். கன்னடக் ‘க’ 3221ஆம் எண். இரண்டிற்கும் இடைவெளி 256. ‘ம’, ‘ப’ போன்ற எழுத்துகளுக்கும் இதே இடைவெளிதான். இந்திய எழுத்துகளை ஒரே வரிசைமுறையில் அமைத்தமையால் இவ்வொழுங்கு அமைந்தது. எண்கள் ஒன்றோடொன்று மோதாமையால், சந்தைப் பக்கத்தில் நான்கு மொழிகளையும் அருகருகே எழுதலாம்.

தொடங்கத் தேவையானவை

இணையப்பக்கம் உருவாக்க இரண்டு கருவிகள் போதும். ஒன்று, உரைத்திருத்தி, மற்றொன்று, உலாவி. விண்டோஸ் கணினியில் உள்ள நோட்பேடே தொடக்கத்திற்குப் போதுமானது. சற்றுப் பழகியபின் விசுவல் ஸ்டுடியோ கோடு என்னும் திருத்தியைப் பயன்படுத்தலாம். 2015இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் வெளியிட்ட இது விலையின்றிக் கிடைக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்குகிறது. இத்திருத்தியே இணையப்பக்கம் எழுதும் மொழிகளைக்கொண்டு உருவாக்கப்பட்ட ஒரு பல்தளச் செயலி என்பது அறியத்தக்கது.

எழுதிய கோப்பைச் சேமித்து உலாவியில் திறந்தால் பக்கம் தோன்றும். இதற்கு இணைய இணைப்பும் தேவையில்லை. கணினி உலாவிகள் பலவற்றில் எஃப்12 விசையை அழுத்தினால் உருவாக்குநர் கருவிகள் திறக்கும். பக்கத்தின் எந்தப் பகுதி எந்த வரியால் உருவாயிற்று என்பதை அவை காட்டும். கைபேசித் திரையில் பக்கம் எவ்வாறு தோன்றும் என்பதையும் கணினியிலேயே பார்க்க உதவும்.

மூன்று மொழிகள், மூன்று பணிகள்

செனீவா நகருக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்சு-லீ, 1989இல் உலகளாவிய வலைக்கான திட்டத்தை முன்வைத்தார். 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் அத்தொழில்நுட்பத்தை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என அறிவித்தது. யாரிடமும் இசைவு பெறாமல் நாம் ஒரு பக்கம் எழுத இயல்வதற்கு அந்த அறிவிப்பும் ஒரு காரணமாகும்.

பக்கம் எழுத மூன்று மொழிகள் பயன்படுகின்றன. எச்டிஎம்எல் பக்கத்தின் அமைப்பைக் கூறும்: இது தலைப்பு, இது பத்தி, இது படம், இது பட்டியல். சிஎஸ்எஸ் தோற்றத்தைக் கூறும்: நிறம், அளவு, இடைவெளி. ஜாவாஸ்கிரிப்ட் செயலைக் கூறும்: பொத்தானை அழுத்தினால் என்ன நிகழ வேண்டும், தேடினால் எதைக் காட்ட வேண்டும். வீட்டிற்குச் சுவரும் கூரையும் முதலில் எழுகின்றன. பின்னர் வண்ணம் பூசுகிறோம். அதன்பின் விளக்கு எரிகிறது. கற்கும் வரிசையும் இதுவே.

எச்டிஎம்எல் கோப்பின் தலைப்பகுதியில் மூன்று செய்திகளைத் தவறாது குறிப்பிட வேண்டும். எழுத்துக் குறியாக்கம் யூடிஎஃப்-8 என்பது முதலாவது. இது விடுபட்டால் தமிழ் எழுத்துகள் சிதைந்து தோன்றக்கூடும். பக்கத்தின் மொழி தமிழ் என்பது இரண்டாவது. பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துக்காட்டும் மென்பொருள், இக்குறிப்பைக்கொண்டே தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுக்கும். திரையின் அகலத்திற்கேற்பப் பக்கம் அமைய வேண்டும் என்பது மூன்றாவது. இது இல்லையெனில் கைபேசியில் எழுத்துகள் எறும்பளவாய்த் தோன்றும். உருதுப் பகுதிக்கு மேலும் ஒரு குறிப்பு வேண்டும். அம்மொழி வலமிருந்து இடமாக எழுதப்படுவதால், அப்பகுதியின் திசையையும் அறிவித்தல் வேண்டும்.

எண்ணும் முறையில் கவனம்

சிவாஜிநகர் என்னும் சொல்லில் எத்தனை எழுத்துகள்? சி, வா, ஜி, ந, க, ர் என ஆறு என்போம். ஜாவாஸ்கிரிப்டிடம் அச்சொல்லின் நீளத்தைக் கேட்டால் பத்து என்னும். சி என்பதை ‘ச’ என்னும் எழுத்தாகவும் அதனோடு சேரும் குறியாகவும் பிரித்து இரண்டாக எண்ணுவதே காரணம். மெய்யெழுத்தின் புள்ளியும் தனியே எண்ணப்படும். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்டு இடம் கொள்வதால், அச்சொல்லுக்கு 30 பைட்டு வேண்டும். அதே ஊர்ப்பெயரை ஆங்கில எழுத்துகளில் எழுதினால் 12 பைட்டு போதும்.

இதனால் நேரும் விளைவைக் காண்போம். ஆங்கிலத்தை மட்டும் மனத்திற்கொண்ட ஒருவர், ஊர்ப்பெயருக்கு 20 பைட்டு போதும் என ஒதுக்கிவிடுகிறார். ஆங்கிலத்தில் எழுதுவோர்க்குக் குறையேதும் தெரியாது. தமிழில் எழுதினாலோ ‘சிவாஜி’ என்பதற்கு 18 பைட்டு செலவாகிவிடும். எஞ்சிய இடத்தில் அடுத்த எழுத்து அடங்காது. ஊர்ப்பெயர் அறுபட்டு ஆட்பெயராகிவிடும். நிரல் பிழையின்றி ஓடும். செய்தி பிழையாகச் சேரும்.

தோற்றத்திலும் இத்தகைய கவனம் தேவை. தமிழ்ச் சொற்கள் ஆங்கிலச் சொற்களைவிட நீளமாக அமைவதுண்டு. பொத்தானின் அகலத்தை மாறாத அளவில் வைத்தால் ‘சமர்ப்பிக்கவும்’ என்பது வெளியே வழியும். கீழ்விலங்கும் மேல்விலங்கும் அடுத்தடுத்த வரிகளில் உரசாதிருக்க வரி இடைவெளியையும் கூட்ட வேண்டும். இவற்றைத் தவிர்க்கத் தமிழைப் படமாக்கி ஒட்டுவோர் உளர். படத்திலுள்ள எழுத்தைத் தேடுபொறி எளிதில் கண்டறியாது. படிப்பு மென்பொருளுக்கும் அது எட்டாமற் போகலாம். ஆதலின் எழுத்தை எழுத்தாகவே எழுதுதல் நன்று.

பக்கத்திலிருந்து செயலிக்கு

நன்கமைந்த இணையப்பக்கத்தைச் செயலிபோல் பயன்படுத்தவும் வழியுண்டு. சில கோப்புகளைச் சேர்த்தால், பக்கத்தைக் கைபேசியின் முகப்புத்திரையில் நிறுவலாம். முன்பு திறந்த பகுதிகளை இணையம் இல்லாதபோதும் படிக்கச் செய்யலாம். இதனை முன்னேறு வலைச்செயலி என்பர். சந்தை வழிகாட்டிக்கு இதுவே போதுமானது.

முழுமையான செயலி வேண்டுமெனில் வேறு கருவிகள் உள்ளன. வழக்கமாக ஆண்ட்ராய்டுக்குக் கோட்லின் அல்லது ஜாவா மொழியிலும், ஐபோனுக்கு சுவிஃப்ட் மொழியிலும் எழுதுவர். ஒரே செயலியை இருமுறை எழுதும் இவ்வுழைப்பைக் குறைக்கவே பல்தளச் சட்டகங்கள் தோன்றின. 2015இல் ஃபேஸ்புக் நிறுவனம் வெளியிட்ட ரியாக்ட் நேட்டிவ் ஜாவாஸ்கிரிப்டைப் பயன்படுத்துகிறது. அந்தந்தக் கைபேசிக்குரிய பொத்தான்களையும் பெட்டிகளையும் வரவழைத்துத் திரையை அமைக்கிறது. 2018 டிசம்பரில் முதல் நிலையான பதிப்பு கண்ட கூகுளின் ஃபிளட்டர், டார்ட் என்னும் மொழியைப் பயன்படுத்துகிறது. திரையில் தோன்றுவனவற்றைத் தானே வரைகிறது. ஜாவாஸ்கிரிப்ட் கற்றவர்க்கு முன்னது எளிது. எல்லாக் கருவியிலும் ஒரே தோற்றம் விரும்புவோர்க்குப் பின்னது ஏற்றது.

செயலி உருவாக்கப் பயன்படும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவிற்குக் குறைந்தது 8 ஜிபி நினைவகமுள்ள கணினி வேண்டும். ஐபோனுக்கான செயலியைத் தொகுக்க மேக் கணினி தேவை. இவை எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. வாய்க்காதவர் கற்றலைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. டார்ட்பேட் என்னும் தளத்தில், எதையும் நிறுவாமல் உலாவியிலேயே டார்ட் நிரலை எழுதிப் பார்க்கலாம். இணையப்பக்கத்திற்கோ பழைய கணினியும் நோட்பேடும் போதும். பொது உடன்பாட்டின்படி எழுதிய எளிய பக்கமே மிகுதியான கருவிகளில் திறக்கும் என்பதை எழுத்துருக் கால வரலாறும் காட்டியது.

பிறர் கையில் கொடுத்துப் பார்த்தல்

பக்கம் முடிந்ததும் நம் கணினியில் நன்றாகத் தெரிகிறது என மகிழ்ந்து நின்றுவிடக் கூடாது. வேறோர் உலாவியில் திறக்க வேண்டும். வீட்டிலுள்ள மிகப் பழைய கைபேசியில் திறக்க வேண்டும். வெயிலில் நின்று படிக்க வேண்டும். மூத்தோர் ஒருவரிடம் கொடுத்து, உதவி செய்யாமல் அவர் எங்குத் தயங்குகிறார் எனக் காண வேண்டும். அவர் தயங்கும் இடமே திருத்த வேண்டிய இடம். சந்தைக்கு நாள்தோறும் செல்பவர் அப்பக்கத்தைத் திறக்க முடியாமற் போனால், அது யாருக்காக எழுதப்பட்டது என்னும் வினா எழும். அவர் படித்துப் பூக்கடைக்கு வழி கண்டால் நம் பணி நிறைவேறியதாகக் கொள்ளலாம்.

சொற்பொருள்

இயங்குதளம் – கருவியை இயக்கும் அடிப்படை மென்பொருள்
உரைத்திருத்தி – எழுத்தை மட்டும் எழுதித் திருத்த உதவும் மென்பொருள்
குறிமுறை – எழுத்துகளுக்கு எண் வழங்கும் ஏற்பாடு
சட்டகம் – செயலி உருவாக்க ஆயத்தமாக உள்ள நிரல் தொகுப்பு

பயிற்சி

1. எழுத்துருக் காலத்தில் ஒரு கணினியில் எழுதிய கடிதம் மற்றொன்றில் சிதைந்தது ஏன்?
2. உன் பெயரில் நீ எண்ணும் எழுத்துகள் எத்தனை? கணினி எண்ணுவது எத்தனை? யூடிஎஃப்-8 முறையில் அதற்கு எத்தனை பைட்டு வேண்டும்?
3. தமிழ்ச் செய்தியைப் படமாக்கி இணையத்தில் இடுவதால் யார் யார் இழப்புறுவர்? ஐந்து வரிகளில் எழுதுக.
4. உன் பகுதியிலுள்ள சந்தை அல்லது நூலகம் பற்றி ஒரு தலைப்பு, இரு பத்தி, ஒரு பட்டியல் கொண்ட இணையப்பக்கம் உருவாக்கி, மூவரின் கைபேசிகளில் திறந்து பார்த்துக் கண்ட குறைகளைத் தொகுத்து எழுதுக.