மாடி எடுக்கும் முன் கீழே பார்ப்போம்

வில்லியனூர் சுல்தான்பேட்டையில் நடந்தாலும் சரி, பாகூர் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நடந்தாலும் சரி, ஒரு காட்சி கண்ணில் படாமல் போகாது. மொட்டை மாடியின் மூலைகளில் துருவேறிய கம்பிகள் வானத்தைப் பார்த்து நிற்கும். கேட்டால், "அத்தா வீடு கட்டும்போதே மேலே எடுக்கலாம்னு கம்பி விட்டு வச்சிருக்காங்க" என்பார்கள். அந்தக் கம்பி ஒரு தலைமுறையின் ஆசை. இப்போது மகனுக்கு நிக்காஹ் பேசியாயிற்று, பேரப்பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், மனை வாங்கும் விலையோ கைக்கு எட்டவில்லை. அதனால் மேலே ஓர் அறை எடுத்துவிடலாம் என்று வீட்டில் முடிவாகிறது.

முடிவு நல்லதுதான். இருக்கும் இடத்திலேயே பெற்றோருடன் சேர்ந்து வாழ இதைவிட எளிய வழி இல்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. தொடர்ந்து தென்பெண்ணை, சங்கராபரணி ஆற்றோர ஊர்களில் வெள்ளம் புகுந்தது. அப்படிப்பட்ட நாளில் பிள்ளைகளையும் பத்திரங்களையும் மேலே ஏற்ற ஓர் அறை இருப்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதைப் பட்டவர்கள் அறிவார்கள்.

ஆனால் மாடி வேலை பாதியில் நின்ற வீடுகளையும், மாடியால் பேச்சு நின்ற குடும்பங்களையும் நாம் பார்க்கிறோம். பெரும்பாலும் தவறு மேலே நடந்திருக்காது, கீழே பார்க்காமல் விட்டதில் இருக்கும். மேலே ஒரு செங்கல் வைக்கும் முன் மூன்றைப் பார்த்துவிட வேண்டும்: கடைக்கால், கணக்கு, பத்திரம்.

கடைக்கால் தாங்குமா?

முதலில் எடையைப் புரிந்துகொள்வோம். 10 அடிக்கு 20 அடி, அதாவது 200 சதுர அடி அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 9 அங்குலச் செங்கல் சுவர் 10 அடி உயரத்தில், ஓரடி நீளத்துக்கு ஏறக்குறைய 400 கிலோ எடை இருக்கும். கதவு, ஜன்னல் இடத்தைக் கழித்தாலும் நான்கு சுவருக்குமாக 20 டன் ஆகிறது. 5 அங்குல கான்கிரீட் தளம் சதுர அடிக்கு 30 கிலோ வீதம் 6 டன். அதற்கு மேல் 1000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி வைத்தால் இன்னொரு டன். ஆக 27 டன்னைப் பழைய வீட்டின் தலையில் ஏற்றுகிறோம்.

இதைத் தாங்குவது கண்ணுக்குத் தெரியும் சுவர் மட்டுமல்ல, மண்ணுக்குள் இருக்கும் கடைக்காலும்தான். வயலை மனையாக்கிக் கட்டிய வீடுகள் நம் பக்கம் நிறைய. களிமண் மழையில் உப்பி வெயிலில் சுருங்கும். ஏற்கெனவே ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடுகிறதா, தரை ஓரிடத்தில் உள்வாங்கியிருக்கிறதா, வெள்ளம் வடிந்த பிறகு புது விரிசல் வந்ததா என்று பாருங்கள். இருந்தால் காரணம் தெரியும்வரை மாடிப் பேச்சை ஒத்திப்போடுங்கள்.

வீட்டின் வகையைப் பொறுத்தும் பதில் மாறும்.

ஓட்டு வீடாக இருந்தால், பரணை அறையாக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். பரண் பாத்திரமும் தானியமும் வைக்கப் போட்டது. ஆள் படுத்து எழும் எடைக்குப் போட்டதல்ல. நடுவில் மட்டும் நிமிர்ந்து நிற்க முடியும், சித்திரை வெயிலில் உள்ளே இருக்க முடியாது, ஏணியைத் தவிர இறங்க வழி இருக்காது. அதைச் சீர்செய்யும் செலவில் பின்பக்கம் கீழேயே ஓர் அறை எடுத்துவிடலாம்.

மரக்கட்டை மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு இட்ட பழைய மெட்ராஸ் டெரஸ் வீடாக இருந்தால், அந்தத் தளத்தின் மேல் சுவர் எழுப்பவே கூடாது.

பில்லர் இல்லாமல் சுவர் மேல் தளம் போட்ட வீடாக இருந்தால், மேல் சுவர் கீழ்ச் சுவருக்கு நேராக மட்டுமே வர வேண்டும். ஹாலின் நடுத்தளத்தில் சுவர் வைத்தால் தளம் தொய்ந்துவிடும்.

பில்லரும் பீமும் உள்ள வீடாக இருந்தால் வாய்ப்பு அதிகம். ஆனால் அந்தக் கம்பியைப் பாருங்கள். கடற்காற்றில் பத்து, பதினைந்து வருடம் நனைந்து காய்ந்த கம்பி துருவில் மெலிந்திருக்கும். புதுக் கம்பியை அதனுடன் சேர்க்க, கம்பியின் விட்டத்தைப் போல் ஏறத்தாழ 50 மடங்கு நீளம் நல்ல கம்பி வேண்டும். 12 மில்லிமீட்டர் கம்பி என்றால் 2 அடி. அவ்வளவு தேறவில்லை என்றால் பில்லர் தலையை உடைத்து நல்ல கம்பி வரும்வரை இறங்க வேண்டும், அல்லது பொறியாளர் சொல்லும் வேறு முறையில் இணைக்க வேண்டும். அதற்கும் செலவுண்டு.

இவற்றை மேஸ்திரியின் கண் மட்டும் சொல்லிவிட முடியாது. ஒரு கட்டடப் பொறியாளரை அழைத்து, ஒரு மூலையில் குழி தோண்டிக் கடைக்கால் ஆழத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அவருக்குக் கொடுக்கும் தொகை மொத்தச் செலவில் மிகச் சிறியது. "வேண்டாம், தாங்காது" என்று அவர் சொன்னால் அதுவே பெரிய சேமிப்பு.

எடையைக் குறைக்க வழிகள் உண்டு. 9 அங்குலத்துக்குப் பதில் நாலரை அங்குலச் சுவர் வைத்தால் சுவரின் எடை பாதியாகும். ஏஏசி என்னும் லேசான கல் இன்னும் குறைக்கும். அறை வரும் இடத்தில் பழைய தட்டோட்டையும் அதன் அடியிலுள்ள சுண்ணாம்புக் கலவையையும் எடுத்துவிட்டால் அந்தச் சுமையும் இறங்கும். கான்கிரீட்டுக்குப் பதில் இரும்புச் சட்டத்தில் தகரக் கூரை போட்டால் சதுர அடிக்கு ஒன்றிரண்டு கிலோவில் முடியும். ஆனால் நம் கடற்கரையில் காற்றை மறக்கக் கூடாது. இந்தியத் தர விதிகள் இந்தப் பகுதிக்கு நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தை அடிப்படையாகக் கொள்ளச் சொல்கின்றன. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் பறந்த தகரங்களைப் பாகூர் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். தகரம் போட்டால் சட்டத்தைப் பில்லரிலோ பீமிலோ போல்ட் வைத்து இறுக்க வேண்டும். வெப்பம் தடுக்கும் பலகை வைத்த தகரம் விலை கூடினாலும் கோடையில் அறையில் இருக்க முடியும்.

அனுமதியைத் தள்ளிப்போடாதீர்கள்

புதுச்சேரிப் பகுதியில் வில்லியனூர், பாகூர் உட்பட 5 கொம்யூன் பஞ்சாயத்துகள் உள்ளன. கீழ்வீட்டுக்கு வாங்கிய அனுமதி மாடிக்குச் செல்லும் என்று எண்ண வேண்டாம். உங்கள் மனை புதுச்சேரி நகர அமைப்புக் குழுமத்தின் எல்லையில் வருகிறதா, யாரிடம் வரைபடம் கொடுக்க வேண்டும் என்பதைக் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். பாகூர்ப் பக்கம் ஓர் ஊர் புதுச்சேரியிலும் அடுத்த ஊர் கடலூர் மாவட்டத்திலும் இருக்கும். "எங்க ஊர்ல இப்படித்தான் கட்டினோம்" என்று எல்லை தாண்டி வரும் மேஸ்திரி சொன்னால், அது அவர் மாநில விதி என்பதை நினைவில் வையுங்கள்.

அண்டை வீட்டாரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நம் மாடி ஜன்னல் அவர்கள் முற்றத்தைப் பார்த்தால் அவர்கள் வீட்டுப் பெண்களுக்கு அது தினசரித் தொல்லை. ஜன்னலை வேறு பக்கம் திருப்புவது வரைபடத்தில் ஒரு கோடு. கட்டிய பிறகு அது ஒரு சண்டை.

கணக்கு எங்கே தவறுகிறது?

"சதுர அடிக்கு இவ்வளவு" என்று மேஸ்திரி சொல்வதை 200 ஆல் பெருக்கி அதையே பட்ஜெட் என்று வைத்துக்கொள்கிறோம். அந்த விலையில் எதெல்லாம் சேர்த்தி என்று கேளுங்கள். படிக்கட்டு, கைப்பிடிச் சுவர், தட்டோடு, கழிவறை, குழாய், வயரிங், பெயிண்ட், மணலும் கல்லும் மேலே ஏற்றும் கூலி ஆகியவை பெரும்பாலும் வெளியே நிற்கும்.

படிக்கட்டைத் தனியாக எண்ணுங்கள். கீழ்த்தளம் பத்தரை அடி உயரம் என்றால் 7 அங்குலம் வீதம் 18 படி வேண்டும். ஒரே நேர் வரிசையில் போனால் 14 அடி நீளம் பிடிக்கும். அந்த இடம் மனையில் இருக்கிறதா? வீட்டுக்குள்ளிருந்தா, வெளியிலிருந்தா? வயதான உம்மா ஏற முடியுமா?

பொருளின் அளவைத் தெரிந்துகொண்டால் விலையை நாமே போட்டுப் பார்க்கலாம். பொதுவாக வீடு கட்டுவதற்குச் சதுர அடிக்கு 0.4 மூட்டை சிமெண்டும் 4 கிலோ வரை கம்பியும் சொல்வார்கள். 200 சதுர அடிக்கு 80 மூட்டை, 800 கிலோ வரை. மாடிக்குக் கடைக்கால் இல்லாததால் குறைய வேண்டும். ஆனால் படிக்கட்டு அந்த மிச்சத்தைத் தின்றுவிடும். செங்கல், நாலரை அங்குலச் சுவருக்கு ஏறக்குறைய 2,600. 9 அங்குலத்துக்கு 5,300. சிமெண்ட் மீதான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. பழைய மதிப்பீடு கையில் இருந்தால் புதிதாகப் போடச் சொல்லுங்கள்.

கீழே கூடும் செலவையும் எழுதுங்கள். ஐந்து பேருக்குப் போட்ட செப்டிக் டேங்க் ஒன்பது பேருக்குப் போதுமா? ஏசி வைப்பதாக இருந்தால் மின்துறையில் லோடு கூட்ட வேண்டுமா? இவையெல்லாம் சேர்ந்த பிறகு 15 சதவீதம் தனியாக ஒதுக்கி வையுங்கள். பழைய வீட்டை உடைக்கும்போது என்ன வெளிவரும் என்று யாருக்கும் தெரியாது.

பணம் எங்கிருந்து வருகிறது என்பது நமக்கு முக்கியமான கேள்வி. வட்டிக்கு வாங்கிக் கட்டிய அறையில் நிம்மதியாகத் தூங்க முடியாது என்பது நம் நம்பிக்கை. சேமிப்பு, விற்கக்கூடிய நகை, உறவினர் தரும் அழகிய கடன், சில மஹல்லாக்களில் பைத்துல்மால் ஆகியவற்றைக் கூட்டிப் பாருங்கள். போதவில்லை என்றால் வேலையைப் பிரியுங்கள். இந்த வருடம் பில்லர், சுவர், கூரை, படிக்கட்டு. அடுத்த வருடம் கழிவறை, டைல்ஸ், பெயிண்ட். கூரை போடக் காசில்லாமல் சுவரோடு நிற்பதுதான் நஷ்டம். ஒரு மழைக்காலம் போதும், தண்ணீர் கீழ்வீட்டுக்குள் இறங்கிவிடும்.

மாடிக்காகச் சேர்த்த பணம் நிஸாப் அளவைக் கடந்து ஓராண்டு நிறைந்தால் அதற்கும் ஜகாத் உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 10 லட்சத்துக்கு 25,000 ரூபாய். பட்ஜெட்டில் அதற்கும் ஒரு வரி வேண்டும். உங்கள் நிலைக்கான விளக்கத்தை ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மேஸ்திரிக்குப் பணத்தை வேலை முடிய முடியக் கொடுங்கள்: சுவர், தளம், பூச்சு என்று நிலைக்கொரு தொகை. தளம் போட்டபின் குறைந்தது 7 நாள், கலப்பு சிமெண்ட் என்றால் 10 நாள் தண்ணீர் விடுங்கள். முட்டை அவசரப்பட்டு எடுக்க விடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன் கூரை முடிய வேண்டுமென்றால் தை மாதம் தொடங்குவது நல்லது. இந்த ஆண்டுகளில் ரமலான் பிப்ரவரி, மார்ச்சில் வருகிறது. நோன்போடு தளம் போடும் நாளின் ஓட்டத்தையும் சுமக்காமல், தேதியை முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள்.

யார் பெயரில் மாடி?

இதைத்தான் நாம் அதிகம் பேசாமல் விடுகிறோம். மனை அத்தா பெயரில் இருக்கும். மகன் சவூதியிலோ துபாயிலோ உழைத்த பணத்தில் மாடி எழும்பும். எல்லோரும் நல்லபடியாக இருக்கும்வரை கேள்வி வராது. அத்தா வஃபாத்தான பிறகுதான் வரும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். இறந்தவருக்கு மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள் மட்டும் வாரிசுகள். சொத்தை 32 பங்காக்கினால் மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது 4 பங்கு. மகனுக்கு 14, மகள்களுக்கு ஆளுக்கு 7. மாடியும் அத்தாவின் சொத்து என்று ஆகிவிட்டால், முழுப்பணமும் போட்ட மகனுக்கு அதில் பாதிகூட வராது. "நான் கட்டியது, எனக்கே" என்று அவர் முழு வீட்டையும் பிடித்துக்கொண்டால், அல்லாஹ் சகோதரிகளுக்கு விதித்த பங்கு போய்விடும். இரண்டுமே அநீதி. இதில் யாரும் கெட்டவர் இல்லை. அன்று ஒரு காகிதம் எழுதாததுதான் குறை.

மகன் போடும் பணம் அத்தாவுக்கு அன்பளிப்பா, கடனா, அல்லது மாடி மகனுக்கே சொந்தமா? இதில் ஒன்றை வேலை தொடங்கும் முன் முடிவு செய்யுங்கள். அன்பளிப்பு என்றால் பின்னால் கேட்க உரிமையில்லை என்பதை மகன் அறிந்திருக்க வேண்டும். கடன் என்றால் சொத்தைப் பங்கிடும் முன் அது தீர்க்கப்பட வேண்டும். சொந்தம் என்றால் கீழே உள்ள மண்ணில் அவருக்கு என்ன உரிமை என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். கடனை எழுதிச் சாட்சி வைக்கச் சொல்லும் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் நாம் அறிந்ததே. அதை வியாபாரத்துக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டோம். ஆலிம் ஒருவரிடம் மார்க்க நிலையையும், வழக்கறிஞரிடம் பத்திர நிலையையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். திருமணமாகிப் போன சகோதரிகளையும் அழைத்து, அவர்கள் முன்னிலையில் பேசுங்கள். அவர்களைக் கேட்காமல் விட்டால் மனவருத்தம் அங்கேதான் தொடங்கும்.

மாடி எடுக்க நினைத்திருக்கும் குடும்பங்கள் இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு ஒரு மணி நேரம் ஒன்றாக உட்காருங்கள். பொறியாளரை எப்போது அழைப்பது, கையில் எவ்வளவு இருக்கிறது, யார் பெயரில் எழுதுவது என்ற மூன்றுக்கும் ஒரு தாளில் விடை எழுதி, எல்லோரும் கையெழுத்திடுங்கள். செங்கல் லோடுக்கு அதன் பிறகு சொல்லலாம், இன்ஷா அல்லாஹ்.