முயல்களின் குடற்கழிச்சலும் தடுப்பு மருந்து முயற்சியும்

திருப்பரங்குன்றத்தையும் அதனை அடுத்த மதுரைச் சமவெளியையும் சேர்ந்த குடியானவர்களுக்கு முயல் வளர்ப்பு சிறு முதலில் நடத்தத்தக்க ஓர் உபதொழிலாகும். கொடைக்கானல் மலையிலுள்ள மன்னவனூர் மத்திய ஆராய்ச்சி நிலையத்தில் வளர்க்கப்படும் வெள்ளை ஜயண்ட், சோவியத் சின்சில்லா முதலிய ஜாதிகள் இறைச்சிக்கு ஏற்றவை. ஆயினும், தாய்ப்பால் மறக்கும் பருவத்தில் குட்டிகள் வயிறு ஊதி, தீனியை வெறுத்து, கழிச்சல் கண்டு, ஓர் ஈற்று முழுவதுமே சில தினங்களில் மடிந்து போவதுண்டு. பல மாதப் பிரயாசை இவ்வாறு ஒரு வாரத்தில் வீணாகிறது.

வியாதியின் காரணம்

காக்ஸிடியோஸிஸ் எனப்படும் இவ்வியாதியை விளைவிப்பது புழுவன்று. கண்ணுக்குப் புலனாகாத ஐமீரியா என்னும் ஓரணு ஜந்துவேயாம். முயலைப் பற்றும் ஐமீரியாக்கள் 11 வகைப்படும். அவற்றுள் ஒன்று ஈரலைத் தாக்கும்; ஏனைய 10 வகைகளும் குடலில் வசிப்பவை. ஈரலைத் தாக்கும் வகையின் முட்டையுறைகளை 1674-ம் வருஷத்திலேயே லேவன்ஹூக் என்ற டச்சு அறிஞர் முயலின் பித்தநீரில் கண்டார். முட்டையுறைகள் புழுக்கையுடன் வெளிப்பட்டு, ஈரமும் வெதுவெதுப்பும் காற்றும் கிடைத்தால் சில தினங்களில் முதிர்ந்து, தீனி அல்லது தண்ணீர் வழியே மற்றொரு முயலின் வயிற்றை அடைகின்றன.

தடுப்பு மருந்தின் தத்துவம்

ஒருமுறை இலேசாக நோயுற்றுப் பிழைத்த முயலை அதே வகை ஜந்து மீண்டும் எளிதில் வருத்துவதில்லை. இவ்வியல்பே தடுப்பு மருந்து முயற்சிக்கு அடிப்படையாகும். கோழிகளின் ஐமீரியாவில், மற்றவற்றிற்கு முந்தி வெளிப்படும் முட்டைகளையே திரும்பத் திரும்பப் பொறுக்கிச் செலுத்தி வந்தால், குடலில் குறைவாகப் பெருகித் தீங்கு குறைந்த, ஆனால் தடுப்புச் சக்தியை அளிக்கவல்ல ஒரு வர்க்கம் கிடைக்கும் என ஜெஃபர்ஸ் என்பவர் 1975-ல் அமெரிக்காவில் காட்டினார். இம்முறையைப் பிரான்ஸ் தேசத்தின் நூஸில்லி ஆராய்ச்சி நிலையத்தார் முயலுக்கும் கையாண்டு, 1990-க்குப் பின் வந்த ஆண்டுகளில் பல வகைகளில் இத்தகைய முந்து வர்க்கங்களை உண்டாக்கினர். 1997-ல் அவர்கள் வெளியிட்ட சோதனையொன்றில், ஐமீரியா மாக்னாவின் முந்து வர்க்க முட்டைகளைத் தண்ணீரில் கலந்து, 25 நாட் குட்டிகள் இருந்த ஈனும் பெட்டியினுள் தெளித்தனர். பின்னர்க் கொடிய வர்க்கத்தைக் கொடுத்துப் பார்த்தபோது, தடுப்புப் பெறாதவற்றைக் காட்டிலும் தடுப்புப் பெற்ற குட்டிகள் குறைவாகவே நலிந்தன.

இதிலுள்ள இடர்ப்பாடுகள் இரண்டு. ஒரு வகைக்கு உண்டான தடுப்புச் சக்தி பிற வகைகளுக்கு உதவாது. ஆகவே கொடியவை அனைத்திற்கும் தனித்தனி வர்க்கங்கள் வேண்டும். மேலும், இம்முட்டைகளை உயிருள்ள முயல்களின் குடலிலேயே உற்பத்தி செய்ய வேண்டியிருப்பதால், செலவும் உழைப்பும் மிகும். இக்காரணங்களால் கோழிகளுக்கு இருப்பதுபோன்ற தடுப்பு மருந்து முயலுக்குப் பொது உபயோகத்தில் பரவவில்லை.

குடியானவர் செய்யத்தக்கது

மருந்தை எதிர்பார்த்துக் காத்திராமல், முட்டைகள் முதிர இடங்கொடாதிருப்பதே உசிதம். கூண்டின் அடித்தளம் புழுக்கை கீழே விழும்படியான கம்பிவலையாக இருத்தல் வேண்டும். புழுக்கையைத் தினந்தோறும் அகற்றுக; தீனியையும் பசுந்தழையையும் தரையில் இடற்க; தண்ணீர் சிந்தி ஈரம் தங்க விடற்க. ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்தில் இதில் இரட்டிப்புச் சிரத்தை வேண்டும். சாதாரணக் கிருமிநாசினிகளுக்கு இம்முட்டைகள் எளிதில் அழியா. கொதிநீரும் தீச்சுவாலையும் வெயிலில் நன்கு உலர்த்துதலுமே பயன் தரும். பால் மறந்த குட்டிகளைப் பெரிய முயல்களோடு அடைத்தல் கூடாது.

கழிச்சல் கண்டவுடன் நோயுற்றவற்றைப் பிரித்து, புதிய புழுக்கையைக் கால்நடை மருத்துவரிடம் காட்டிப் பரிசோதித்து, அவர் கூறும் அளவில் மட்டுமே சல்பா மருந்துகளைக் கொடுக்க வேண்டும். முயல் வளர்ப்பைப் புதிதாகத் தொடங்குவோர், திருப்பரங்குன்றத்திலுள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்தாரை முன்னரே கலந்து கொள்ளுதல் நலம். உலர்ந்த கூண்டே இன்று குட்டிகளுக்குக் கிடைக்கக்கூடிய முதல் தடுப்பு மருந்தாகும்.