குடிபெயர ஏற்றதொரு நகரம்: மூன்ஸ்ரர்

ஜேர்மனியில் எங்கே சென்று வாழலாம் என்ற பேச்சு எம்மவர் மத்தியில் எழும்போது டோட்முண்ட், எஸ்ஸன், பேர்லின், ஸ்ருட்காட் என்று பெரிய நகரங்களின் பெயர்களே முதலில் வந்து விழுகின்றன. நோர்த்ரைன் வெஸ்பாலின் மாநிலத்தின் வடபகுதியிலுள்ள மூன்ஸ்ரர் நகரைச் சுட்டுவோர் குறைவு. மூன்று இலட்சத்துக்குச் சற்று அதிகமான மக்கள் வாழும் இந்நகரம், 2004 ஆம் ஆண்டு கனடாவின் நயாகராவில் நடைபெற்ற சர்வதேசப் போட்டியொன்றில், தனக்குரிய அளவுப் பிரிவில் உலகிலேயே வாழ்வதற்கு மிக உகந்த நகரமெனத் தங்கப் பரிசு பெற்றது. பரிசுகளை நம்பி எவரும் வீடு மாறுவதில்லை. எனினும் பரிசுக்குப் பின்னாலுள்ள காரணங்கள், எமது குடும்பங்கள் ஆற அமர எண்ணிப் பார்க்கத் தக்கவையாக உள்ளன.

அதற்கு முன்னர், யார் அங்கு செல்லலாம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். தஞ்சம் கோரியோர் தமக்கு விருப்பமான நகரைத் தெரிவு செய்ய ஜேர்மன் சட்டம் இடமளிப்பதில்லை. மாநிலங்களின் வரி வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்கும் மக்கள் தொகையில் மூன்றில் ஒரு பங்கும் கணக்கிலெடுக்கப்பட்டு விண்ணப்பதாரர் பிரித்தனுப்பப்படுகின்றனர். வழக்கு முடியும் முன்னர் மாற்றம் கேட்பவர்களுக்குக் கணவன், மனைவி, வயது வராத பிள்ளைகள் வேறிடத்தில் இருப்பதே வலுவான காரணமாகக் கொள்ளப்படும். அகதி அந்தஸ்துக் கிடைத்தவர்களுக்கும் 2016 ஆகஸ்ட் முதல் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஏற்கப்பட்ட நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் அதே மாநிலத்திலேயே வசித்தாக வேண்டும். குறித்த ஊரிலேயே வசிக்குமாறும் பணிக்கப்படலாம். வாரத்துக்குக் குறைந்தது 15 மணித்தியாலங்கள் கொண்ட, சமூகக் காப்புறுதிக்குட்பட்ட, போதிய வருமானமுள்ள வேலையோ, தொழிற்பயிற்சி இடமோ, பல்கலைக்கழக அனுமதியோ கிடைத்தால் இக்கட்டுப்பாட்டை நீக்கும்படி கேட்கலாம். கேட்டு, எழுத்தில் பதில் பெற்ற பின்னரே பெட்டி கட்ட வேண்டும். முதலில் சென்றுவிட்டுப் பின்னர் மனுப்போட்டால், புதிய ஊரில் உதவிப்பணம் மறுக்கப்படும். பழைய ஊரிலும் அது நின்றுபோகும். ஆகவே இக்கட்டுரை பெரும்பாலும் வதிவிட அனுமதி உறுதியான குடும்பங்களுக்கும், அந்நிலையை எதிர்பார்த்திருப்போருக்குமே பயன்படும்.

மூன்ஸ்ரர் துவிச்சக்கரவண்டியின் நகரம். மக்களை விட வண்டிகளின் தொகை அதிகம் என்று அங்குள்ளோர் பெருமையுடன் கூறுவர். அது மிகைக் கூற்றன்று. நகருக்குள் மேற்கொள்ளப்படும் பத்துப் பயணங்களில் ஏறத்தாழ நான்கு சைக்கிளிலேயே நிகழ்கின்றன. பழைய கோட்டை மதில்களை இடித்த இடத்தில் 4.5 கிலோமீற்றர் நீளத்தில் மரங்கள் நிழல் செய்யும் வட்டப் பாதையொன்று நகரின் நடுப்பகுதியைச் சுற்றி ஓடுகின்றது. அதில் மோட்டார் வாகனங்களுக்கு இடமில்லை. 1999 இல் புகையிரத நிலையத்தின் முன் திறக்கப்பட்ட சைக்கிள் நிலையத்தில் 3,300 வண்டிகளை நிறுத்தலாம். இதை வேடிக்கையாக எண்ணிவிடலாகாது. வாகனம் வாங்கவும், சாரதிப் பத்திரம் எடுக்கவும், காப்புறுதி கட்டவும் பணமின்றி அதிகாலைத் துப்புரவு வேலைக்கும் இரவு உணவகத்துக்கும் ஓடும் ஒருவருக்குப் பழைய சைக்கிள் ஒன்றே போதுமான ஊர் எவ்வளவு பெரிய உதவி! யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் சைக்கிள் மிதித்துப் பழகிய எமது பெண்களுக்கு இதைக் கற்பிக்க வேண்டியதுமில்லை. ஆனால் விளக்கில்லாமல் இரவில் ஓடினால் பொலிசார் மறித்துத் தண்டம் விதிப்பர். நல்ல பூட்டும் அவசியம், திருட்டு உண்டு.

சைக்கிளை அந்நகரத்தார் லேட்சே என்று அழைப்பர். அச்சொல் டொச் மொழிக்குரியதன்று. யூதர், ரோமா மக்கள், அலைந்து வாணிபம் செய்தோர் ஆகியோரின் சொற்கள் கலந்து, நகரின் ஏழைத் தெருக்களில் வழங்கிய மசமற்றே என்ற மறைமொழியிலிருந்து வந்தது. ஒதுக்கப்பட்டவர்களின் சொல்லை ஊரே தனதாக்கிக் கொண்டது.

அயலவர் எம்மை எப்படிப் பார்ப்பார்கள் என்ற கேள்வி ஒவ்வொரு அகதியின் மனதிலும் உள்ளது. அதை அளவிடத் தராசு இல்லை. ஆயினும் 2017 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் ஜேர்மனி முழுவதிலும், வெளிநாட்டவர் குடியேற்றத்தை எதிர்க்கும் ஏஎப்டி கட்சிக்கு ஐந்து வீதத்துக்கும் குறைவான வாக்குகள் கிடைத்த ஒரேயொரு தொகுதி மூன்ஸ்ரர் ஆகும்.

பிள்ளைகளின் படிப்பே பல பெற்றோரை இடம்மாறத் தூண்டும் காரணம். ஏறத்தாழ 45,000 மாணவர் பயிலும் பல்கலைக்கழகம் அங்குள்ளது; மருத்துவம், சட்டம் முதலாய துறைகள் உண்டு. அம்மாநிலத்தில் 2011 குளிர்காலத் தவணை முதல் அரச பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் அறவிடப்படுவதில்லை. ஒவ்வொரு தவணைக்கும் சிறு பங்களிப்புத் தொகை மட்டும் உண்டு. பிள்ளை வீட்டிலிருந்தே படித்தால் அறை வாடகை மிஞ்சும். தாதியர் பயிற்சிக்கு மூன்று ஆண்டுகள். பயிற்சிக் காலத்திலேயே சம்பளமும் தருவர். பல்கலைக்கழக மருத்துவமனை நகரின் பெரிய வேலைத் தலங்களில் ஒன்று. சிறு பிள்ளைகள் உள்ளோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நான்காம் வகுப்புடன் ஆரம்பப் பாடசாலை முடிந்து கிம்னாசியம், றேயால்சூல என்று பிரிவு தொடங்கும். பிள்ளையை நன்கறிந்த ஆசிரியையின் பரிந்துரை அப்போது பெறுமதி வாய்ந்தது. நான்காம் வகுப்பின் நடுவில் இடம்மாறினால், பிள்ளையைச் சில வாரங்களே கண்ட ஒருவர் அதனை எழுத நேரும். மூன்றாம் வகுப்புத் தொடங்கும் முன்னரோ, அல்லது பிரிவு முடிந்த பின்னரோ மாறுவதே நன்று.

குறைகளும் உள. வீடு கிடைப்பது கடினம். வாடகை அண்டை நகரங்களை விட உயர்வு. புதிய மாணவர் வந்து குவியும் ஒக்ரோபரை அண்டி வீடு தேடுவது வீண் அலைச்சல். வருமானம் குறைந்தோர் வீட்டு உரிமைச் சான்றிதழை மாநகர சபையிடம் பெற்று, அரச மானியத்துடன் கட்டப்பட்ட வீடுகளுக்கு விண்ணப்பிக்கலாம். முற்பணமாக மூன்று மாத வாடகைக்கு மேல் எந்த வீட்டுக்காரரும் கேட்கச் சட்டம் இடமளிப்பதில்லை. அதையும் மூன்று தவணைகளில் கட்டலாம். இதை அறியாமல் முழுத்தொகையையும் வட்டிக்குக் கடன்பட்டுக் கொடுத்தோர் எம்மிடையே பலர். பெரும் தொழிற்சாலைகளும் அங்கு குறைவு. நிர்வாகமும் கல்வியும் காப்புறுதியுமே நகரின் முதுகெலும்பு. டொச் மொழி அறியாதவருக்கு ரூர் பகுதியே எளிது. மழையும் ஓயாது. 2014 ஜூலை 28 அன்று ஏழு மணித்தியாலங்களில் சதுர மீற்றருக்கு 292 லீற்றர் மழை கொட்டி நகரை மூழ்கடித்தது.

வரலாற்றில் எமக்கும் அந்நகருக்கும் ஒரு நூலிழைத் தொடர்பு உண்டு. ஸ்பானியாவுக்கும் ஒல்லாந்துக்கும் இடையிலான எண்பது ஆண்டுப் போர் 1648 இல் மூன்ஸ்ரரில் எழுதப்பட்ட உடன்படிக்கையுடன் முடிவுற்று, ஒல்லாந்து சுதந்திர நாடாக ஏற்கப்பட்டது. அதே ஒல்லாந்தர் பத்தாண்டுகள் கழித்து, 1658 இல், யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தனர். சமாதானம் உறுதிசெய்யப்பட்ட நகர மண்டபம் இரண்டாம் உலகப்போரில் குண்டு வீச்சால் சிதைந்தது. பழைய நகரின் மிகப் பெரும் பகுதியும் அழிந்தது. நவீன கட்டடங்களை எழுப்பாமல், முன்னிருந்த முகப்புகளை ஒத்தே பிரதான வீதியை மீண்டும் கட்டினர்.

கோயில் இல்லா ஊரில் எவ்வாறு குடியிருப்பது என்போர் அஞ்ச வேண்டியதில்லை. புகையிரதத்தில் அரை மணி நேரத்துக்குள் ஹம் நகரம். அங்கு 1989 இல் ஓர் அடித்தள அறையில் தொடங்கிய வழிபாடு, 2002 ஜூலையில் 17 மீற்றர் உயர இராஜகோபுரத்துடன் குடமுழுக்குக் கண்ட ஸ்ரீ காமாட்சி அம்பாள் ஆலயமாக வளர்ந்துள்ளது. கோடையில் தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பா எங்குமிருந்து ஆயிரக்கணக்கானோர் கூடுவர். தீர்த்தம் அருகிலுள்ள கால்வாயில்.

செல்ல முடிவெடுத்தோர், வீட்டுக்காரர் ஒப்பமிட்ட குடியேற்ற உறுதிக் கடிதத்துடன் இரண்டு வாரத்துக்குள் மாநகர சபையில் பதிவு செய்ய வேண்டும். விசா அட்டையிலுள்ள முகவரியையும் அத்துடன் மாற்றிக் கொள்க. வழக்கு இன்னும் நடந்து கொண்டிருப்பின் சட்டத்தரணிக்கும் குடிவரவு அலுவலகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் புதிய முகவரியைத் தனித்தனியே எழுத்தில் அறிவிக்க வேண்டும். பழைய முகவரிக்குச் சென்ற கடிதமும் உங்கள் கையில் சேர்ந்ததாகவே கொள்ளப்படும்.