ஸலாம் காட்டிய வழி

ஆடை கொள்முதலுக்காகக் கணவரோடு முதன்முறையாகச் சீனாவின் குவாங்சோ நகருக்குப் போயிருந்தேன். அங்கே வட்ஸ்அப்பும் கூகுளும் முடக்கப்பட்டிருப்பது போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. வந்து சேர்ந்த செய்தியைக்கூடப் பிள்ளைகளுக்கு உடனே சொல்ல முடியவில்லை.

மறுநாள் ரயில் நிலையத்தருகே மொத்தச் சந்தை நெரிசலில் கணவரைத் தவறவிட்டேன். ஹோட்டலின் ஆங்கிலப் பெயரைச் சொன்னேன். டக்சிக்காரர் கையை விரித்தார். அழுகை முட்டியது. அலைந்து திரிந்தபோது, பச்சைப் பலகையில் 'ஹலால்' என்று அரபியில் எழுதிய ஒரு நூடில்ஸ் கடை கண்ணில் பட்டது. உள்ளே தொப்பியணிந்த ஒரு முதியவர். ஸலாம் சொன்னேன். முகம் மலர்ந்து பதில் சொன்னார். "மஸ்ஜித்" என்று கூறித் தக்பீர் கட்டிக் காட்டினேன். புரிந்துகொண்டார். தம் மகளோடு என்னை டக்சியில் அனுப்பிவைத்தார்.

ஹுவைஷெங் பள்ளிவாசலில் ளுஹர் தொழுவதென்று காலையிலேயே நாங்கள் பேசியிருந்தோம். சுமார் 36 மீற்றர் உயரமான அதன் பழைய மினாராவைக் கண்டதும் உயிர் வந்தது. வாசலில் கணவர் தவித்து நின்றார். அல்ஹம்துலில்லாஹ்!

நீங்களும் போவதானால், ஹோட்டல் விலாசத்தைச் சீன எழுத்தில் எழுதி வாங்கிக் கைப்பையில் வையுங்கள். பிரிந்தால் சந்திக்கும் இடத்தை முன்பே பேசிக்கொள்ளுங்கள். ஸலாமை மறவாதீர்கள், மொழி தெரியாத ஊரிலும் அது புரிகிறது.